யந்திர நாகரிகம் சரியத் தொடங்கிவிட்டதா?

திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், புத்தூருக்கு அருகே, ஆரணியாற்றை ஒட்டி நாராயணவனம் என்னும் ஊர் அமைந்திருக்கிறது. 2022-ஆம் ஆண்டு வரையில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, அவ்வாண்டில் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்ட ஊர் அது. ஆகாசராஜன் என்னும் மன்னனின் தலைநகரம் இதுவே என்றும், அவன் திருமகளான பத்மாவதியைத் திருவேங்கடமுடையான் மணம் புரிந்தது இங்கேதான் என்றும் தலபுராணம் கூறும். கல்யாண வேங்கடேசர் கோயில் அம்மணத்தின் நினைவாக நிற்கிறது. அக்கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கடன் வாங்கப்பட்டது என்பதும், கலியுகம் முடியும் வரையில் அதற்கு வட்டி செலுத்தப்படுகிறது என்பதும், திருமலை உண்டியலில் விழும் காசெல்லாம் அவ்வட்டிக்குத்தான் என்பதும் நாம் சிறுவயது முதல் கேட்டுவரும் கதை.

இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் வேறு. யந்திரத் தொழிலைத் தூணாகக் கொண்ட இக்காலத்து நாகரிகம் சரிவின் முதற்படிகளில் கால் வைத்துவிட்டதா என்பதே கேள்வி. லண்டன், நியூயார்க் போன்ற மாநகரங்களை முன்வைத்து இதற்கு விடை தேடுவது அறிஞர் வழக்கம். நாம் நாராயணவனத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் முன்வைத்துத் தேடிப் பார்ப்போம். ஒரு பேரரசு சரிந்த கதையையும், யந்திரம் வந்து நுழைந்த கதையையும் இவ்வட்டாரத்தில் அடையாளத்தோடு காட்ட முடியும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. நாராயணவனத்துக் கோயிலில் ஒரு பெரிய திருகைக்கல்லைக் காட்டி, திருக்கல்யாணத்திற்கு அரைத்த கல் என்பார்கள். நம் பாட்டிமார் அத்தகைய கல்லை 'ஏந்திரம்' என்றே அழைத்தனர். யந்திரம் என்னும் சொல் நம் வீட்டு அடுக்களையில் வெகுநாளாக இருந்த சொல்தான். ஆகையால் யந்திரம் புதிதன்று. அதைச் சுழற்றும் ஆற்றலே புதிது. திருகையைச் சுழற்றியது அன்றன்று உண்ட சோற்றின் வலிமை. இன்றைய யந்திரத்தைச் சுழற்றுவது 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னே வளர்ந்து மண்ணில் புதைந்து நிலக்கரியாகிப்போன காடுகளின் வலிமை. கோதாவரிக் கரைச் சிங்கரேணியிலிருந்து வெட்டியெடுக்கும் கரி அத்தகையதே. உலகம் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு இன்றும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு என்னும் மூன்றிலிருந்தே கிடைக்கிறது.

தமிழர் ஒருவர் இதனை வெகு தெளிவாகக் கூறிவைத்தார். தஞ்சையில் பிறந்து காந்தியடிகளின் பொருளாதாரக் கருத்துக்களை விளக்கியவரான ஜே. சி. குமரப்பா, 1940-களில் சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒரு நூல் எழுதினார். நிலக்கரி, எண்ணெய், உலோகம் ஆகியவற்றைத் தேங்கிக் கிடக்கும் நீருக்கும், வளரும் மரத்தையும் ஓடும் ஆற்றையும் ஓட்ட நீருக்கும் அவர் ஒப்பிட்டார். தேக்கத்தை நம்பி வாழ்வோர் ஒருநாள் அதன் அடியைக் காண்பர். அதற்காக ஒருவரோடொருவர் போரும் இடுவர் என்பது அவர் கருத்து. 1960-இல் அவர் மறைந்தபோது அவரைப் பழமைவாதி என்று ஒதுக்கியவர் பலர்.

சரிவைப் பற்றி எழுதியவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். முதல் உலகப் போர் முடிந்த 1918-இல் ஜெர்மானியரான ஸ்பெங்லர், மேலைநாட்டு நாகரிகம் முதுமை எய்திவிட்டதென்று அறிவித்தார். ஆங்கிலேயரான டாயின்பீ, நாகரிகங்களின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் 12 தொகுதிகளில் ஆராய்ந்தார். 1972-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் கணிப்பொறியின் துணையோடு 'வளர்ச்சியின் எல்லைகள்' என்னும் நூலை வெளியிட்டனர்; போக்கு மாறாவிட்டால் இந்த 21-ஆம் நூற்றாண்டிலேயே உற்பத்தியும் மக்கள்தொகையும் இறங்குமுகம் காணும் என்றனர். ஸ்பெங்லரின் நூல் வெளிவந்து நூறாண்டு கடந்தும் மேலைநாடு மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே சோதிடத்தை நம்பி நாம் தீர்ப்பு வழங்குவதற்கில்லை. கண்ணெதிரே நடந்த ஒரு சரிவைப் பார்த்து, அது எவ்வாறு நடந்தது என்று அறிவதே பயன் தரும்.

திருப்பதிக்கு அருகில் உள்ள சந்திரகிரிக் கோட்டையைக் கண்டவர் பலர். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரப் படை தோற்றது. ஹம்பி மாநகரம் பாழாயிற்று. பள்ளிப் புத்தகத்தில் கதை அத்தோடு முடிந்துவிடும். உண்மையில் அப்பேரரசு பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று இடம் மாறி இடம் மாறி மேலும் 80 ஆண்டுக்காலம் வாழ்ந்தது. 1639-இல் சென்னையின் தொடக்கமான கடற்கரை நிலத்தை ஆங்கிலக் கும்பெனியாருக்கு அளித்தவர், சந்திரகிரி அரசருக்கு உட்பட்ட நாயக்கரே. சரிந்துகொண்டிருந்த அரசின் நிழலில், அதனைவிடப் பெரிய ஓர் ஆட்சியின் வித்து ஊன்றப்பட்டது. அன்று ஒருவரைக் கேட்டிருந்தால், அரசு வீழ்கிறது என்று சொல்லியிருப்பாரா? வரி கேட்க வருபவன் மாறினான் என்று சொல்லியிருப்பார்.

இவ்விடத்தில் திருமலைக் கல்வெட்டுக்கள் ஒரு பெருஞ்செய்தியைத் தருகின்றன. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் அரசரும் அடியாரும் திருவேங்கடமுடையானுக்கு அளித்த பொன்னில் பெரும்பகுதி பெட்டியில் பூட்டி வைக்கப்படவில்லை. கோயிலுக்குரிய சிற்றூர்களில் ஏரி வெட்டவும் கால்வாய் தோண்டவும் அது செலவிடப்பட்டது. நீர் பெருகியதால் மிகுந்த விளைச்சலிலிருந்து, கொடுத்தவர் பெயரால் நாள்தோறும் திருவமுது படைக்கப்பட்டது. பக்தியும் பாசனமும் ஒரே கணக்கில் வரவு வைக்கப்பட்ட இம்முறையைப் போல் அறிவார்ந்த வங்கி முறை உலகில் வேறெங்கேனும் இருந்ததோ என்று நமக்கு ஐயம் தோன்றுகிறது. பேரரசு தளர்ந்ததும் அத்தகைய அறக்கட்டளைகள் அருகின. ஆயினும் வெட்டிய ஏரிகள் வெட்டியபடி இருந்தன. கரையில் மண் சரிந்தால் ஊரார் கூடிக் கூடை எடுத்தனர். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். மாடி இடிந்தது, அடித்தளம் நின்றது. அதனால்தான் அரசு போன பின்னும் குடிகள் பிழைத்தார்கள்.

அடித்தளமே ஆட்டம் கண்டது அதற்குப் பிந்திய காலத்தில். வரி வாங்குவதில் காட்டிய கருத்தைக் கும்பெனியார் ஏரிக் கரைகளிடத்துக் காட்டவில்லை. ஊரார் தாமாகச் செய்த வேலையை வாங்க, 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய வேலைச் சட்டம் ஒன்றை இயற்ற வேண்டி வந்தது. வழக்கம் உயிரோடு இருக்கும் இடத்தில் சட்டத்திற்கு வேலை இராது.

இதே காலத்தில்தான் யந்திர நாகரிகம் இவ்வட்டாரத்திற்கு வந்தது. அது இருப்புப்பாதை வழியே வந்தது. சென்னையிலிருந்து அரக்கோணம், புத்தூர், ரேணிகுண்டா, கடப்பை வழியாகச் சென்ற பாதை 1871-இல் ராய்ச்சூரை எட்டி, பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. ஐந்தாண்டு செல்வதற்குள் மழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரையில் தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் பல லட்சம் மக்கள் மாண்டனர். இருப்புப்பாதை உணவைக் கொண்டுவந்து காக்கும் என்று எதிர்பார்த்தவர் உண்டு. கொண்டுவந்தது உண்மை, ஆனால், உள்ளூர்த் தானியத்தை விலை மிகுந்த இடத்திற்கு வாரிக்கொண்டு போகவும் அதே பாதை உதவியது. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் 1877-இல் விதித்தார். அந்த அளவு உழைப்பவன் உடலைத் தாங்காது என்று மருத்துவர்கள் வாதாட வேண்டியிருந்தது.

நகரி, புத்தூர், நாராயணவனம் அடங்கிய பகுதி நெசவாளர் பகுதி. பஞ்சத்தில் முதலில் அடிபடுவோர் நெசவாளரே. வயிற்றுக்கில்லாதவன் புதுத்துணி வாங்க வருவதில்லை அன்றோ? பஞ்சத்திற்கு முன்னரே அவர்கள் வீட்டில் ஒரு பகுதி இடிந்திருந்தது. லங்காஷயர் ஆலை நூல் வந்ததும் பெண்டிர் இராட்டையில் நூல் நூற்கும் தொழில் ஏறக்குறைய முற்றும் அழிந்தது. தறி மட்டும் எஞ்சியது. எப்படியென்றால், தன்னை வீழ்த்த வந்த ஆலையின் நூலையே வாங்கி நெய்து எஞ்சியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கயிற்றை இழுத்தால் தானே ஓடும் நாடாவையும் நெசவாளர் ஏற்றுக்கொண்டனர். எனவே யந்திர நாகரிகம் சரிகிறதா என்று இன்று கேட்கப்படும்போது, ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும்: அதன் எழுச்சியே இங்குள்ள பல வீடுகளுக்குச் சரிவாக இருந்தது. மான்செஸ்டரில் புகைபோக்கி உயர்ந்த ஆண்டும் இங்கே இராட்டை நின்ற ஆண்டும் வேறு வேறு அல்ல.

இனி இக்காலத்திற்கு வருவோம். கைத்தறி பெரிதும் குறைந்து விசைத்தறி மிகுந்துவிட்டது. கைத்தறியில் பலகை உடைந்தால் உள்ளூர்த் தச்சர் செதுக்கிக் கொடுப்பார். விசைத்தறிக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்திற்குக் கரி வேண்டும். கரிக்குச் சுரங்கமும் சரக்கு ரயிலும் வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2021 அக்டோபரில் இந்திய அனல்மின் நிலையங்களில் இருந்த கரி சராசரியாக நான்கு நாட்களுக்கே போதுமானதாக இருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் வெயில் முன்கூட்டியே கொளுத்தியது, மின்தேவை ஏறியது. திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட மின் பகிர்மான நிறுவனத்தின் எல்லையில் தொழிற்சாலைகளுக்கு 'மின்விடுமுறை' விதிக்கப்பட்டது. வார விடுமுறையோடு மேலும் ஒருநாள் மூடவேண்டும். இடைவிடாது ஓடும் ஆலைகள் பாதி மின்சாரத்தையே பயன்படுத்தவேண்டும். விடுமுறை என்ற இனிய சொல்லுக்கு இப்படி ஒரு பொருள் வரும் என்று அதனை முதலில் வழங்கியவர் எண்ணியிருக்க மாட்டார்.

இது சரிவின் அறிகுறியா? அவசரப்பட வேண்டாம். 2012 ஜூலை 30, 31 ஆகிய இருநாட்களில் வட இந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் மின்தொடர் அறுந்து, இரண்டாம் நாளில் ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு இருளில் ஆழ்ந்தது. உலக வரலாற்றிலேயே பெரிய மின்தடை அது. நாகரிகம் முடிந்தது என்று எழுதுவோருக்கு அதனைவிட நல்ல சான்று கிடைத்திருக்காது. ஆனால், ஒருநாளுக்குள்ளாகப் பெரும்பாலான இடங்களில் விளக்கு மீண்டும் எரிந்தது. 2022-இன் மின்விடுமுறையும் சில வாரங்களில் முடிந்தது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ஒவ்வொரு ரயிலிலும் 25 லட்சம் லிட்டர் குடிநீர் கொண்டுவரப்பட்டது. 1877-இல் தானியத்தை வாரிச்சென்ற இருப்புப்பாதை, 2019-இல் தண்ணீர் சுமந்தது. யந்திரம் ஒன்றே, அதனை நடத்தும் அரசு மக்களுக்குப் பதில் சொல்லவேண்டிய அரசாக இருந்தது என்பதே வேறுபாடு. விடுதலை பெற்ற காலத்தில் நம் நாட்டில் சராசரி ஆயுள் 32 ஆண்டளவே. இப்பொழுது அது 70-ஐத் தாண்டியிருக்கிறது. இதனைக் கணக்கில் கொள்ளாமல் யந்திரத்தைத் தூற்றுவது நன்றி மறப்பதாகும்.

அப்படியானால் சரிவை எதைக்கொண்டு அளப்பது? உடைவதைக் கொண்டு அளப்பது பிழை. எந்த நாகரிகத்திலும் எதுவாயினும் உடையத்தான் செய்யும். உடைந்தது செப்பனிடப்படுகிறதா என்பதைக் கொண்டே அளக்கவேண்டும். இவ்வளவுகோலை வைத்துப் பார்க்கும்போது ஒரு வியப்பான தலைகீழ் நிலை தோன்றுகிறது. விஜயநகரம் சரிந்தபோது மேல்தட்டு இடிந்தது. ஏரியும் கரையும் நின்றன. இன்று மேல்தட்டு உறுதியாக நிற்கிறது. மின்கம்பி அறுந்தால் மறுநாள் கட்டப்படுகிறது. வங்கிக் கணக்கு ஒரு நொடியும் நிற்பதில்லை. அடியில் உள்ளவையோ செப்பனிடுவாரின்றிக் கிடக்கின்றன.

நிலத்தடி நீரை எடுத்துக்கொள்வோம். உலகம் முழுவதும் பூமியிலிருந்து இறைக்கப்படும் நீரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இந்தியா மட்டும் இறைக்கிறது. ஆந்திரத்தில் 2004 முதல் விவசாயிக்கு இலவச மின்சாரம் கிடைத்தது. வறுமையில் வாடிய உழவனுக்கு அது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஆழ்குழாய்க் கிணறு பெருகப் பெருக ஏரியைப் பற்றிய நினைவு குறைந்தது. தன் நிலத்தில் தனக்கென்று நீர் உள்ளவன் ஊர் மதகைப் பற்றி ஏன் கவலைப்படுவான்? சித்தூர்ச் சீமை ஏரிகள் நிறைந்த சீமை. அவ்வேரிகளில் வண்டல் மேடிட, கிணறுகள் மட்டும் ஆயிரம் அடியை நோக்கி இறங்கின. ஏரி நீரால் நிரம்பவேண்டிய ஊற்றை, ஏரியைத் தூர்த்துவிட்டு இறைக்கிறோம்.

ஆற்றின் கதையும் அத்தகையதே. நெசவுக்குத் துணையான சாயத்தொழில் கொங்கு நாட்டு நொய்யலை என்ன செய்தது என்பது நேயர்கள் அறிந்ததே. பாசனத்திற்கென்று 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் தொட்டியாயிற்று. கட்டியவர்கள் பயன் கொள்ள முடியாமல், திறக்கவும் அஞ்சி, மூடவும் அஞ்சி நின்றனர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட வேண்டியதாயிற்று. ஏற்றுமதி கொழித்த ஆண்டுகளும் அணை பாழான ஆண்டுகளும் ஒன்றே.

இன்னும் பெரிய கடன் நம் தலைக்கு மேலே இருக்கிறது. ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் 1958-இல் காற்றை அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு கரியமிலவாயு இருந்தது. இப்பொழுது 420-க்கும் மேல். 2024-ஆம் ஆண்டில் உலகின் சராசரி வெப்பம், யந்திரத் தொழிலுக்கு முந்திய காலத்தைவிட 1.5 பாகைக்கும் மேல் உயர்ந்து காணப்பட்டது. குபேரனிடம் வாங்கிய கடனுக்காவது வட்டி கட்ட உண்டியல் இருக்கிறது. பூமியிடம் வாங்கிய கடனுக்கு நாம் வட்டியும் கட்டவில்லை. மேலும் மேலும் கடன் எழுதி வாங்குகிறோம். உலகம் எரித்த நிலக்கரியின் அளவு 2024-இலும் புதிய உச்சத்தைத் தொட்டது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். குமரப்பா கூறிய 'ஓட்ட'த்தின் பக்கம் உலகம் திரும்பவே இல்லை என்று கூறுவதற்கில்லை. 2010-க்குப் பின் பத்தாண்டுகளில் சூரியத் தகடுகளின் விலை பத்தில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. கர்நூலில் 1000 மெகாவாட் சூரிய மின் பூங்கா 2017 முதல் இயங்குகிறது. 2025-இல் இந்தியாவின் மின் நிலையங்களின் நிறுவுதிறனில் பாதி, கரியும் எண்ணெயும் எரியாத வகையைச் சேர்ந்ததாயிற்று. ஆனால் நிறுவுதிறன் வேறு, உண்மையில் விளையும் மின்சாரம் வேறு. இரவில் ஓடும் தறிக்கு இன்னும் பெரிதும் கரியே துணை. தறியைச் சூரியன் ஓட்டும் நாள் வரலாம். வற்றிய ஊற்றைச் சூரியன் நிரப்பித் தராது. சூரிய மின்சாரத்தால் ஓடும் பம்பு அதனை இன்னும் விரைவில் வற்றச் செய்யவும் கூடும்.

எனவே நம் கேள்விக்கு நாம் காணும் விடை இதுதான்: உற்பத்தியை வைத்துப் பார்த்தால் யந்திர நாகரிகம் சரியவில்லை; அது இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. அதன் அடித்தளத்தை வைத்துப் பார்த்தால் சரிவு தொடங்கிச் சில பத்தாண்டுகள் ஆகிவிட்டன. மாடியில் இருப்பவர்க்கு முதல் விடை மட்டும் தெரியும். ஏரிக்கரையில் இருப்பவர்க்கு இரண்டும் தெரியும்.

2021 நவம்பரில் இவ்வட்டாரத்திலேயே இதற்கு ஒரு சோதனை நடந்தது. வரலாறு காணாத மழை பெய்தது. கடப்பை மாவட்டத்தில் செய்யாற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை நவம்பர் 19-ஆம் நாள் உடைந்தது. கீழே இருந்த ஊர்களில் பல உயிர்கள் போயின. அணையின் ஐந்து கதவுகளுள் ஒன்று இயங்காமல் இருந்தது என்று பின்னர் மத்திய அரசின் சார்பில் நாடாளுமன்றத்தில் கூறப்பட்டது. புதுமுறையில் கட்டிய அணைதான் அது. அதே வாரத்தில் திருப்பதிக்கு அருகே, விஜயநகரக் காலத்து ஏரியான ராயலசெருவின் கரையில் கசிவு கண்டது. கீழுள்ள சிற்றூர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். இரவு பகலாக மணல் மூட்டைகள் அடுக்கப்பட்டன. கரை தாங்கிற்று. ஆனால், அது இற்றுப்போகும் நிலைக்கு வந்த பின்னர்தான் அதன்மேல் பலருக்குக் கண் போயிற்று.

ஏரிகளைத் தூர்வார 2015-இல் ஆந்திர அரசு 'நீரு-செட்டு' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பாசனத்தை விவசாயிகளே சங்கம் அமைத்து நடத்த 1997-இலேயே சட்டம் செய்யப்பட்டது. ஆகவே பணமோ சட்டமோ அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. ஆண்டுதோறும் ஒருநாள் ஊரார் கூடிக் கரைமீது நடந்து பார்க்கும் வழக்கமே அற்றுப்போயிற்று. வடகிழக்குப் பருவமழை இப்பக்கத்தில் ஐப்பசியில் வலுக்கும். புரட்டாசிக்குள் பார்த்துவிட வேண்டியவை கரை, மதகு, கலங்கல் ஆகிய மூன்று. கரையில் வேலிகாத்தான் முளைத்திருந்தால் வெட்டவேண்டும். மதகுக் கதவு ஏறி இறங்குகிறதா என்று திருகிப் பார்க்கவேண்டும். கலங்கலுக்குக் கீழே மிகுநீர் ஓடும் வழியில் யாரேனும் வீடு கட்டியிருந்தால் மழைக்கு முன்னரே அவரோடு பேசிவிடவேண்டும்.